யார் தூக்கினது?

விபத்து நடந்த இடத்தில் நம் ஊரில் முதலில் கேட்கும் சொல் 'ஐயோ'. அடுத்த சொல் 'தூக்கு'. இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம்கூட இருக்காது. யார் சொன்னது என்று தெரியாது, கூட்டமே சொல்லும். சொல்லி முடிப்பதற்குள் நாலு கை நீண்டிருக்கும். அந்தக் கைகளில் இரண்டு என்னுடையவையாக இருந்த ஒரு சாயங்காலத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்து, ஒவ்வொரு தடவையும் தள்ளிப்போட்டு வந்திருக்கிறேன். எழுதினால் ஏதோ நல்ல காரியம் செய்ததைத் தம்பட்டம் அடிப்பது போல ஆகிவிடும். விஷயம் அதற்கு நேர் எதிர்.

2018, ஆடி மாதம். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷூ மேல்பாகம் தைக்கிற ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வீடு சத்துவாச்சாரி. பாலாற்றுப் பாலம், ஆற்காடு, மேல்விஷாரம், ரத்தினகிரி, பெருமுகை என்று தினமும் போக ஒரு தடவை, வர ஒரு தடவை. இந்த ஹைவேயில் பைக் ஓட்டுகிறவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ரத்தினகிரி மலைக்கோயில் விளக்கு பின்னால் மறைந்து, பெருமுகை வருவதற்கு முன்னால், ஓரத்தில் ஒரு லாரி நின்றிருந்தது. பின்விளக்கு இல்லை. பழுதாகி நின்ற வண்டி என்று காட்டுவதற்காக ரோட்டில் இரண்டு கல்லும் ஒரு மரக்கிளையும் வைத்திருந்தார்கள். இருட்டில் அவை யார் கண்ணுக்குத் தெரியும்? எனக்கு முன்னால் போன பைக் நேராக அதன் பின்பக்கத்தில் போய் இடித்தது. சத்தம் பெரிதாக இல்லை. தகர டப்பாவை மிதித்தது போல ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பையனுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். பெயரை எழுதப்போவதில்லை. மல்லாந்து கிடந்தான். கண் திறந்திருந்தது. ஹெல்மெட் பைக் கண்ணாடியில் மாட்டியபடியே இருந்தது. நெற்றியில் கொஞ்சம் ரத்தம், முழங்கையில் சிராய்ப்பு. பார்த்ததும் எனக்கு வந்த முதல் எண்ணம், 'பரவாயில்லை, பெரிதாக ஒன்றும் இல்லை' என்பதுதான். நான் குனிந்தபோது அவன் சொன்னான்: "ண்ணா, கழுத்து... கழுத்து..." இரண்டு தடவை சொன்னான். நான் "ஒண்ணும் இல்லப்பா, ஒண்ணும் இல்ல" என்றேன். பின்னாளில் நான் கற்றுக்கொண்டது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், அந்த இடத்தில் தேவைப்பட்ட தகவல் முழுவதையும் அவன் அந்த ஒரு சொல்லில் சொல்லிவிட்டான். கேட்டவன் நான்தான்.

108-க்கு ஒருவர் போன் போட்டுக்கொண்டிருந்தார். எந்த இடம், எந்தப் பக்கம் போகும் ரோடு என்று அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. டிரைவர் இறங்கும்போதே, "இன்னாபா பாத்துகினு கீறீங்க, தூக்கு!" என்று குரல் கொடுத்தார். ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பையன் வாயில் ஊற்றப் போனார், பாதி காதில் போயிற்று. நான் அவன் கக்கத்தில் கை கொடுத்தேன். மறுபக்கம் இன்னொருவர். காலை டிரைவர் பிடித்தார். தலையை யாரும் பிடிக்கவில்லை. தூக்கியதும் அது பின்பக்கமாகச் சரிந்து தொங்கியது. அவன் கத்தினான். அப்படி ஒரு கத்தல். ஆட்டோவில் முழங்காலை மடக்கி, உடம்பை வளைத்து, தலையை என் மடியில் வைத்து ஏற்றியபின் கத்தலை நிறுத்திவிட்டான். வலி குறைந்துவிட்டது என்று நினைத்தேன். டிரைவரிடம் அதைச் சொன்னதும் நினைவிருக்கிறது. "பரவால்லண்ணா, அமைதியாயிட்டான்."

பெருமுகையிலிருந்து வேலூர் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவு வாசலுக்குப் பதினைந்து நிமிடத்தில் கொண்டுபோய்விட்டார் அந்த மனிதர். காசு வாங்கவில்லை.

"நினைக்காதீங்க. பார்த்தீங்களா?"

அவசர சிகிச்சைப் பிரிவை சினிமாவில் பார்த்தவர்கள் அங்கே ஒரே ஓட்டமும் கூச்சலுமாக இருக்கும் என்று நினைப்பார்கள். நான் பார்த்தது அப்படி இல்லை. சத்தம் எல்லாம் வாசலுக்கு வெளியே நிற்கும் எங்களைப் போன்றவர்களிடம்தான். உள்ளே குரல்கள் தாழ்வாக இருந்தன. யார் எங்கே போக வேண்டும் என்பதைச் சில விநாடிகளில் தீர்மானித்துவிடுகிறார்கள். சிவப்பு என்றால் உடனே, மஞ்சள் என்றால் கொஞ்சம் பொறுக்கலாம், பச்சை என்றால் உட்கார்ந்திருக்கலாம். கையில் ரத்தம் சொட்டச் சொட்ட நின்ற ஒருவர் பச்சையில் உட்கார்ந்திருந்தார், "எனக்கு எவ்ளோ ரத்தம் போவுது பாரு" என்று சண்டை போட்டுக்கொண்டு. எங்கள் பையன், ரத்தம் அதிகம் போகாதவன், சிவப்புக்குப் போனான்.

ஆட்டோவிலிருந்து இறக்க நான் மறுபடி கக்கத்தில் கை வைத்தேன். "விடுங்க, விடுங்க, தொடாதீங்க" என்று ஒரு ஆண் நர்ஸ் என் கையைத் தட்டிவிட்டார். ஒருவர் பையனின் தலைமாட்டில் போய் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அவர் எண்ணிய பிறகுதான் மற்ற மூன்று பேரும் அசைந்தார்கள். பலகையோடு சேர்த்து ட்ராலிக்கு மாற்றினார்கள். கழுத்துக்குக் கெட்டியான ஒரு பட்டை. சட்டையைக் கழற்றவில்லை, கத்தரிக்கோலால் கீழிருந்து மேலாக வெட்டினார்கள். ஒரு இளம் டாக்டரம்மா அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து, "பேர் என்னப்பா?" என்று கேட்டார். அவன் சொன்னான். பெயரைத் தெரிந்துகொள்ளக் கேட்டது மட்டுமில்லை அது என்று பிறகு தெரிந்தது. வாய் பேசினால் மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, மூளைக்கு ரத்தம் போகிறது என்று அர்த்தமாம். ஒரே கேள்வியில் இரண்டு பரிசோதனை.

அப்புறம் ஒரு சின்ன ஊசியை எடுத்துக் காலிலிருந்து மேலே வந்தார். "இங்க தெரியுதா? இங்க? இங்க?" பாதம், முழங்கால், தொடை, வயிறு. பையன் "இல்ல... இல்ல..." என்று சொல்லிக்கொண்டே வந்தான். மார்புக்காம்புக்கு மேலே தோளை நெருங்கும்போதுதான் "ஆ" என்றான். "கால் கட்டைவிரலை ஆட்டு பார்க்கலாம்." நான் கதவோரம் நின்று அந்தக் கட்டைவிரலையே பார்த்தேன். நகத்தில் கொஞ்சம் அழுக்கு. அது அசையவில்லை.

டாக்டரம்மா நிமிர்ந்து, "யார் கூட்டிட்டு வந்தது?" என்றார். முன்னால் போனேன்.

"யார் தூக்கினது?"

"நாந்தாங்க. இன்னும் ரெண்டு பேரும் இருந்தாங்க."

"தூக்கறதுக்கு முன்னாடி காலை அசைச்சாரா?"

"அசைச்சாருன்னு நினைக்கிறேன்."

"நினைக்காதீங்க. பார்த்தீங்களா?"

குரலில் கோபம் கிடையாது. குற்றம் சாட்டும் தொனியும் கிடையாது. அந்தத் தகவல் வைத்தியத்துக்குத் தேவை, அதனால் கேட்டார். எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன், ரத்தத்தைப் பார்த்தேன், பைக் நம்பரைக்கூடப் பார்த்தேன். காலைப் பார்க்கவில்லை. "தெரியலீங்க" என்றேன். தலையாட்டிவிட்டு எதையோ எழுதிக்கொண்டார். அதன் பிறகு என் பக்கம் திரும்பவில்லை. அவருக்கு அந்த ராத்திரி முடிந்தபோதே அந்தக் கேள்வியும் முடிந்திருக்கும். எனக்கு முடியவில்லை.

சாமி

போலீஸ் பற்றிய பயத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஆட்டோவில் வரும்போது என் மனதில் பாதி அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஏ.ஆர். காப்பி, அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவு, போடும் இடத்தில் பெயர் கேட்டார்கள், எந்த இடம் என்று கேட்டார்கள், 'உறவு' என்ற கட்டத்தில் 'வழிப்போக்கர்' என்று எழுதிக்கொண்டார்கள், போகலாம் என்றார்கள். அவ்வளவுதான். 2016-லேயே உச்ச நீதிமன்றம், உதவ வருகிறவரைப் பிடித்து வைக்கக்கூடாது என்ற நெறிமுறைகளுக்குச் சட்ட பலம் கொடுத்துவிட்டது. அதற்கும் முன்னால், 1989-ல், பரமானந்த் கட்டாரா வழக்கில், உயிரைக் காப்பாற்றும் சிகிச்சை முதலில், போலீஸ் சம்பிரதாயம் அப்புறம் என்று சொன்னதும் அதே நீதிமன்றம்தான். ஸ்கூட்டரில் போய் அடிபட்ட ஒருவரை, இங்கே பார்க்க முடியாது, இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று அனுப்ப, அவர் வழியிலேயே இறந்துபோனதிலிருந்து வந்த வழக்கு அது. இதெல்லாம் சட்டமாகி எத்தனையோ வருடம் ஆன பிறகும் நம் ரத்தத்திலிருந்து போலீஸ் பயம் போகவில்லை என்பது வேறு விஷயம்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கழுத்தெலும்பு விலகி, ஆபரேஷன் முடிந்திருந்தது. உள்ளே விடவில்லை. வராண்டாவில் அவன் அம்மா உட்கார்ந்திருந்தார். யாரோ என்னைக் காட்டி, "இவருதான்" என்று சொல்ல, அந்த அம்மா எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீ இல்லன்னா என் புள்ள இல்ல சாமி. இந்தக் கை நல்லா இருக்கணும்." ஒற்றிக்கொண்டது எந்தக் கையை? தலை பின்னால் தொங்கும்போது கக்கத்தைப் பிடித்திருந்த கையை. நான் ஒன்றும் சொல்லவில்லை. 'அம்மா, நான் தூக்கியதால்கூட இப்படி ஆகியிருக்கலாம்' என்று சொல்வது யாருடைய பாரத்தை இறக்க? என்னுடையதைத்தானே. அவருக்கு அது என்ன செய்யும்? பிஸ்கட் பாக்கெட் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

எங்கள் மாடியில் அப்போது ஒரு பிசியோதெரபிஸ்ட் குடியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். அவர் பொறுமையாகச் சொன்னார். எலும்பு உடைவது வேறு, உள்ளே போகும் தண்டுவடம் நசுங்குவது வேறு. பெரும்பாலும் இடித்த அந்த விநாடியிலேயே இரண்டும் நடந்து முடிந்துவிடும். ஆனால் எலும்பு மட்டும் உடைந்து, தண்டுவடம் தப்பித்திருக்கிற ஆட்களும் உண்டு. அவர்களைத் தூக்கும்போது, வளைக்கும்போது, உடைந்த எலும்பு நகர்ந்து தண்டுவடத்தில் படலாம். அதோடு, அடிபட்ட இடம் வீங்குவதாலும் ரத்த அழுத்தம் இறங்குவதாலும் அடுத்த சில மணி நேரத்தில் நிலைமை மோசமாவதும் உண்டு. "உங்க பையனுக்கு எது நடந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது சார். இடிச்சப்பவே போயிருக்கும்னுதான் நெனக்கிறேன்." அவரும் நினைக்கத்தான் செய்தார். பார்த்தவர் யார்?

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 134ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். நல்லெண்ணத்தோடு, எந்தப் பலனையும் எதிர்பாராமல் உதவுகிறவர், உதவும்போது தன் கவனக்குறைவால் அடிபட்டவருக்குக் காயமோ மரணமோ நேர்ந்தால்கூட, அவர் மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது என்கிறது அது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதைப் படித்தபோது, டெல்லியில் உட்கார்ந்து சட்டம் எழுதியவருக்கு என் விஷயம் எப்படித் தெரிந்தது என்று தோன்றியது. இரண்டு தடவை படித்தேன். 'கவனக்குறைவு' என்ற சொல்லில் இரண்டு தடவையும் நின்றேன்.

பாகாயம் போகும் பஸ்

வேலூர்க்காரர்களுக்குப் பாகாயம் தெரியும். அங்கே சி.எம்.சி.யின், அதாவது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின், மறுவாழ்வு மையம் ஒன்று இருக்கிறது, மேரி வர்கீஸ் பெயரில். தண்டுவடம் அடிபட்டவர்களுக்குச் சக்கர நாற்காலியில் வாழக் கற்றுக்கொடுக்கிற இடம். அந்த வழியாகப் பஸ்ஸில் நூறு தடவை போயிருப்பேன், பெயரை ஒரு நாளும் கவனித்ததில்லை. இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் யார் அந்த மேரி வர்கீஸ் என்று தேடினேன். சி.எம்.சி.யில் டாக்டராக இருந்தவர். 1954-ல் ஒரு வாகன விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அதற்குப் பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்திருக்கிறார். அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தார். 1966-ல் அந்த மையம் வந்தது. 1972-ல் பத்மஸ்ரீ.

இதைப் படித்தவர்கள் எல்லோரும் அவருடைய மன உறுதியைச் சொல்வார்கள், சரிதான். எனக்கு வேறொன்று தோன்றியது. 1954-ல் ரோட்டில் கிடந்த அந்த டாக்டரையும் யாரோ தூக்கித்தானே இருப்பார்கள்? 108 கிடையாது, கழுத்துப் பட்டை கிடையாது. அந்தக் கைகள் யாருடையவை, அவை அப்புறம் நிம்மதியாகத் தூங்கினவா? இப்படியெல்லாம் யோசிப்பது பைத்தியக்காரத்தனம் என்று தெரியும்.

தலைமாட்டில் நிற்பவர் எண்ணுவார்

அப்போதிருந்த தொழிற்சாலைச் சட்டப்படி 150 பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டியும், அதைக் கையாளப் பயிற்சி பெற்ற ஆளும் இருக்க வேண்டும். எங்கள் கம்பெனியில் அந்தப் பெட்டியில் ரொம்ப காலம் பேனாவும் ஸ்டேப்ளர் பின்னும்தான் இருந்தன. ஆடிட் வருகிறது என்று ஒரு வருடம் பயிற்சிக்கு ஆள் கேட்டார்கள். தையல் பிரிவிலிருந்து எட்டுப் பேர், ஆபீஸிலிருந்து நான் கையைத் தூக்கினேன். மேனேஜர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

இரண்டு நாள் பயிற்சி. நான் எதிர்பார்த்தது ஒரே ஒரு பாடத்தை. அது இரண்டாம் நாள் மத்தியானம், சாப்பாட்டுக்கு அப்புறம், எல்லோரும் தூங்கி வழிகிற நேரத்தில் வந்தது. ஒருவரைத் தரையில் படுக்க வைத்து, நாலு பேரைக் கூப்பிட்டார் பயிற்சியாளர். தலைமாட்டில் ஒருவர் மண்டியிட்டு, முழங்கையைத் தன் தொடையில் ஊன்றி, இரண்டு உள்ளங்கையாலும் காதுப்பக்கமாகத் தலையைப் பிடிக்க வேண்டும். மூக்கும் தொப்புளும் ஒரே கோட்டில். திருப்ப வேண்டி வந்தால் அவர்தான் எண்ணுவார், உடம்பு முழுவதும் மரக்கட்டை உருள்வது போல ஒரே சீராக உருள வேண்டும். வாந்தி எடுத்தால் அப்படித்தான் ஒருக்களிக்க வேண்டும். ரத்தம் கொட்டினால் இன்னொருவர் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும், எடுத்து எடுத்துப் பார்க்கக்கூடாது. தண்ணீர், சோடா, காபி எதுவும் வாயில் ஊற்றக்கூடாது. தீப்பிடிக்கிற வண்டி, ரோட்டு நடுவில் மேலே லாரி ஏறிவிடும் என்ற நிலை, இப்படி ஏதாவது இருந்தால்தான் இழுக்கலாம். மற்றபடி, பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். வலிப்பு வந்தவன் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிற நம் வழக்கத்தையும் அன்றைக்கு ஒரு பிடி பிடித்தார்.

நான் தலைமாட்டில் உட்கார்ந்தேன். படுத்திருந்தது தையல் பிரிவு அம்மா ஒருவர், சிரித்துக்கொண்டே இருந்தார். ஐந்து நிமிடம் பிடித்திருக்கச் சொன்னார்கள். மூன்றாவது நிமிடத்தில் கை நடுங்க ஆரம்பித்தது. ஓடுவது, தூக்குவது, கத்துவது எல்லாம் உடம்புக்குச் சுலபம். சும்மா பிடித்துக்கொண்டிருப்பது அவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

நம் ஆட்கள் தூக்கியதற்கும் ஒரு நியாயம் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். 108 தமிழ்நாட்டுக்கு வந்ததே 2008-ல்தான். அதற்கு முன்னால் யாருக்காகக் காத்திருப்பது? தூக்காமல் விட்டால் ரோட்டிலேயே சாக வேண்டியதுதான். அந்தக் காலத்துப் பழக்கம் கையில் ஊறிவிட்டது. கிராமத்தில் கதவுப் பலகையைக் கழற்றிப் படுக்க வைத்துத் தூக்கி வருவார்கள் என்று என் பாட்டி சொல்வார். ஷேர் ஆட்டோவைவிட அது எவ்வளவோ மேல். உடம்பு நேராக இருந்திருக்கும். இன்றைக்கு நிலைமை மாறியிருக்கிறது. ராணிப்பேட்டைப் பக்கம் ஹைவேயை ஒட்டியே சி.எம்.சி.யின் புது வளாகம் விபத்து சிகிச்சைப் பிரிவோடு வந்துவிட்டது. 2021 டிசம்பரில் அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம், ஆரம்பத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை என்று வைத்திருந்தார்கள். இந்த ஏற்பாடு எல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் தொடங்குகிறது. ரோட்டில் கிடக்கும் அந்த முதல் பத்து நிமிடம் மட்டும் இன்னும் ஷேர் ஆட்டோ டிரைவர் கையிலும் என் போன்றவன் கையிலும்தான் இருக்கிறது.

பையன் இப்போது அவன் ஊரில் ஜெராக்ஸ், ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறான். சக்கர நாற்காலிதான். விரல் முழுசாக மடங்காது, கட்டைவிரல் பக்கத்தால் போனைத் தட்டுவான். தினமும் காலை ஆறு மணிக்கு ரோஜாப்பூ படத்தோடு எனக்கு வாட்ஸ்அப்பில் குட் மார்னிங் வரும். இரண்டு வருடம் முன்னால் பொங்கலுக்குப் போனபோது தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "கீழ விழுந்து கெடந்தப்போ கால் அசைஞ்சுதா உனக்கு?" யோசித்தான். "ஞாபகம் இல்லண்ணா. ஆட்டோல உங்க சட்டை வாசனைதான் ஞாபகம் கீது. தோல் வாசனை." அப்புறம் யாரோ ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்துவிட்டார்கள்.

போன வருடம் வேலூர் கிரீன் சர்க்கிள் பக்கத்தில், காலை எட்டரை மணி இருக்கும், ஒரு பெரியவரை ஸ்கூட்டி தட்டிவிட்டுப் போனது. விழுந்தார். ஐயோ. தூக்கு. நான் வண்டியைப் போட்டுவிட்டு ஓடி, முதலில் காலைப் பார்த்தேன். இரண்டு காலும் அசைந்தன. அப்புறம் தலைமாட்டில் மண்டியிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு, "யாரும் தூக்காதீங்க, 108-க்குப் போடுங்க" என்று கத்தினேன். கூட்டம் என்னைத் திட்டியது. "பெருசு துடிக்குது, இவன் இன்னாடான்னா தலைய புடிச்சுகினு குந்திகினு கீறான்." ஒருவர் சோடாவோடு வந்தார், துரத்தினேன். இன்னொருவர் வீடியோ எடுத்தார். ஆம்புலன்ஸ் வந்து, அதில் வந்த முதலுதவி ஆளான இ.எம்.டி. தம்பி கழுத்துப் பட்டையை மாட்டி, "ண்ணா, இப்ப கைய எடுக்கலாம்" என்று சொல்லும்வரை பிடித்திருந்தேன். அவர் இரண்டாம் தடவை சொன்ன பிறகுதான் எடுத்தேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். காரையெலும்பில் மட்டும் விரிசல். கையைத் தொட்டில் போலக் கட்டி, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பன்னைக் காபியில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் பெரியவர். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"ஏம்பா, நீதான அது? ஒடஞ்சது தோளு. என் தலைய இன்னாத்துக்கு அப்பிடி அமுக்கிகினு குந்திகினு இருந்த? அந்த ஆளு சோடா குடுக்க வந்தான், அதையும் வாணாம்ன்ட."